ஆழ்கடலுக்கு இறங்குவதும் திரும்பி வருவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைக் கடந்து செல்பவர்கள் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கக்கூடும். 1993-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம்தான், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதற்கான 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கியை உருவாக்கி வருகிறது. அதைப் பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும், பொதுவாக ஆழ்கடல் ஆய்வுக் கருவிகள் எப்படி இயங்குகின்றன என்பதையும் இங்கே சேர்த்து விளக்கியிருக்கிறோம்.

ஆழ்கடல் என்று எந்த ஆழத்திலிருந்து சொல்கிறோம்?

பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே உள்ளதை ஆழ்கடல் என்பது வழக்கம். சூரிய ஒளியைக் கொண்டு தாவரங்கள் உணவு தயாரிக்கக்கூடிய எல்லை ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே பகல் என்ற ஒன்றே கிடையாது. உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3700 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நாம் கரையிலிருந்து பார்க்கும் கடல் என்பது ஒரு மெல்லிய மேற்பரப்பு மட்டுமே என்பது விளங்கும்.

அப்படியானால் ஏன் எல்லா நாடுகளும் 6000 மீட்டர் என்ற எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கின்றன?

6000 மீட்டர் வரை இறங்கக்கூடிய ஒரு வாகனம் உலகக் கடல் தரையில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பை எட்டிவிடும். மிச்சமிருப்பவை பெரும்பாலும் ஒடுங்கிய அகழிகள். அந்தச் சிறு மிச்சத்துக்காகச் சுவரின் தடிமனையும் எடையையும் செலவையும் கூட்டுவது எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. எனவே 6000 என்பது பெருமைக்காக வைத்த எண் அல்ல, கணக்குப் பார்த்து வைத்த எண்.

விண்வெளிக்குப் போவதைவிட ஆழ்கடலுக்குப் போவது கடினம் என்கிறார்களே, உண்மையா?

ஒரு பொருளில் உண்மை. விண்வெளி ஓடத்தின் சுவர் உள்ளே இருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கினால் போதும். கடலிலோ ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் தலைமேல் ஏறிக்கொண்டே போகிறது. 6000 மீட்டரில் அது சுமார் 600 மடங்காகிவிடுகிறது. கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் 600 கிலோவுக்கும் அதிகமான சுமை. மத்ஸ்யாவின் ஆட்கள் அமரும் கோளத்தின் புறப்பரப்பு சுமார் 16 சதுர மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், எல்லாப் பக்கங்களிலிருந்தும் அதை நெரிக்கும் விசை ஏறக்குறைய ஒரு லட்சம் டன்.

ஆனாலும் அந்த ஒப்பீட்டை ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடானதல்ல. ராக்கெட்டுக்கு வேண்டிய வேகமும் எரிபொருளும் கடலில் தேவைப்படுவதில்லை. கல்லைப் போட்டால் தானாகவே கீழே போய்விடும். கடலில் சிக்கல் போவதில் இல்லை, வருவதில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் விளக்கப்படும் கருவிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்த ஒரு சிக்கலுக்கான விடைகளே. நிலவில் பன்னிரண்டு பேர் நடந்துவிட்டார்கள். உலகின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியை 2012 வரை தொட்டுத் திரும்பியவர்கள் மூவர் மட்டுமே.

கடலுக்கடியில் ரேடியோ, ஜி.பி.எஸ். எதுவும் வேலை செய்யாதா?

செய்யாது. உப்புநீர் மின்காந்த அலைகளை மிக விரைவாக விழுங்கிவிடுகிறது. ஒளியும் அதே கதைதான். எவ்வளவு சக்திவாய்ந்த விளக்கைப் பொருத்தினாலும் சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் எதையும் பார்க்க முடியாது.

எஞ்சியிருப்பது ஒலி. நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில், நெடுந்தூரம் செல்லும். எனவே பேசுவது, இடமறிவது, வரைபடம் வரைவது எல்லாமே ஒலியை நம்பித்தான் நடக்கின்றன. இதற்கு ஒரு விலை உண்டு. 6000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சொல் கப்பலை அடைய நான்கு விநாடி, பதில் திரும்பிவர இன்னொரு நான்கு விநாடி. ஒலியில் ஏற்றி அனுப்பக்கூடிய தரவும் மிகக் குறைவு என்பதால், கம்பியில்லாத வாகனம் ஒன்றிலிருந்து நேரலையாகத் தெளிவான காணொளி பார்ப்பது நடவாத காரியம்.

கடலின் ஆழத்தை எப்படி அளக்கிறார்கள்?

நம் மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவில் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, இழுக்கும்போது எத்தனை கைவிரிப்பு வருகிறது என்று எண்ணுவது. பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கடலை ஆராய்ந்தபோதும் செய்தது அடிப்படையில் இதைத்தான். அவர்களுடைய 'ஃபேதம்' என்ற அளவும் கைவிரிப்பே. 1875 மார்ச்சில் மரியானா அகழியருகே அந்தக் கப்பலின் கயிறு 4475 ஃபேதம், அதாவது எட்டாயிரம் மீட்டருக்கும் அதிகமாக, இறங்கிக்கொண்டே போயிற்று.

இன்று அந்த வேலையைப் பல்கற்றை சோனார் செய்கிறது. கப்பலின் அடிப்பகுதியிலிருந்து விசிறிபோல நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகள் கீழே செல்கின்றன. எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து, கப்பல் போகும் வழியின் இருபுறமும் கடல் தரையின் மேடுபள்ளங்கள் வரையப்படுகின்றன. நீரின் வெப்பமும் உப்பும் ஒலியின் வேகத்தை மாற்றிவிடும் என்பதால், அவற்றை அளக்கும் கருவியையும் அவ்வப்போது இறக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள்களும் ஆழத்தைக் கணிக்கின்றன. கடலடி மலைகளின் ஈர்ப்பு கடல் மட்டத்தைச் சற்றே உயர்த்துவதை அவை அளக்கின்றன. ஆனால் அந்தப் படம் மங்கலானது. பெரிய மலைகள் தெரியும், சிறியவை தெரியாது.

2017-இல் தொடங்கிய 'கடற்படுகை 2030' என்ற பன்னாட்டுத் திட்டம் முழுக் கடல் தரையையும் சோனாரால் வரைந்துவிட முயல்கிறது. இதுவரை முடிந்திருப்பது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கேமராவாலோ கண்ணாலோ நேரடியாகப் பார்க்கப்பட்ட பரப்பு 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆட்கள் அமரும் அறை ஏன் எப்போதும் உருண்டையாகவே இருக்கிறது?

அழுத்தத்தைத் தாங்க உருண்டையைவிடச் சிறந்த வடிவம் இல்லை. கோளத்தின் எந்தப் புள்ளியும் மற்றதைவிட அதிகச் சுமையை ஏற்பதில்லை. அதே விட்டமும் அதே தடிமனும் கொண்ட ஓர் உருளையை எடுத்துக்கொண்டால், அதன் சுவரில் ஏற்படும் தகைவு கோளத்தில் ஏற்படுவதைப்போல இரண்டு மடங்கு. உருளையில் அதிகம் பேர் உட்காரலாம், நிமிர்ந்து படுக்கலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஆழம் கூடக் கூட அந்த வசதிக்கான விலையும் கூடிக்கொண்டே போகும்.

மத்ஸ்யாவின் கோளம் 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மில்லிமீட்டர் சுவர்த் தடிமனும் கொண்ட டைட்டானியம் கலப்புலோகத்தாலானது. எஃகைவிட டைட்டானியம் எடையில் பாதிக்குச் சற்றே அதிகம், உறுதியில் குறைவில்லை, உப்புநீரில் துருப்பிடிப்பதுமில்லை. இத்தனை நற்குணங்களும் உள்ள உலோகத்துக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. சூடாக இருக்கும்போது காற்று பட்டால் அது நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். ஆகவே இரண்டு அரைக்கோளங்களை ஒன்றாகச் சேர்க்கும் பற்றவைப்பு சாதாரணப் பட்டறை வேலை அல்ல. காற்றை முழுவதும் வெளியேற்றிய கூடத்தில், எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி உருக்கி இணைக்க வேண்டும். இந்தப் பணியில் துணை நின்றது இஸ்ரோவின் பெங்களூரு திரவ உந்துவிசை மையம். அங்கே சுமார் 700 முறை சோதனைப் பற்றவைப்புகளைச் செய்து பார்த்த பிறகே, சுற்றளவில் ஏழு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தத் தையலை முழு அளவில், இடையில் நிறுத்தாமல் 32 நிமிடங்களில், போட்டு முடித்தார்கள். ஆகாயத்துக்கு ராக்கெட் அனுப்பும் நிறுவனம் பாதாளத்துக்குப் போகும் பந்துக்குத் தையல் போட்டது என்று சொன்னால் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தடித்த டைட்டானியத்தை நம்பிக்கையோடு கையாளக்கூடியவர்கள் எந்த நாட்டிலும் எண்ணிக்கையில் குறைவு.

சன்னல்களும் கவனிக்கத்தக்கவை. அவை தடித்த அக்ரிலிக் பாளங்கள். வெளிப்பக்கம் அகன்றும் உட்பக்கம் குறுகியும் கூம்பாகக் கடையப்பட்டவை. வெளியிலிருந்து கடல் தள்ளத் தள்ள, பாட்டிலில் தக்கை இறுகுவதுபோல அவை தம் இருக்கையில் மேலும் இறுகிக்கொள்ளும்.

கோளத்துக்கு வெளியே இருக்கும் மோட்டார்களும் பேட்டரிகளும் நசுங்கிவிடாதா?

நசுங்குவது வெற்றிடமும் காற்றும் மட்டுமே. எனவே அவற்றுள் பலவற்றைப் பொறுத்தவரை கடலோடு சண்டை போடாமல் சமாதானம் செய்துகொள்கிறார்கள். பெட்டிக்குள் எண்ணெயை நிரப்பி, நெகிழும் சவ்வு ஒன்றின் வழியாக வெளியழுத்தமும் உள்ளழுத்தமும் சமமாகும்படி விட்டுவிட்டால், பெட்டியின் சுவர் மெல்லியதாக இருந்தாலும் அதற்கு ஆபத்தில்லை. எந்தக் கருவி அழுத்தத்தைப் பொறுக்காதோ அதற்கு மட்டும் தனியாகத் தடித்த உறை.

மிதப்புக்கும் இதே சிந்தனைதான். சாதாரண நுரைப்பஞ்சு ஆழத்தில் தட்டையாகிவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள வெற்றுக் கண்ணாடிக் குமிழ்களைக் கோடிக்கணக்கில் பிசினில் குழைத்து இறுகச் செய்த ஒரு திண்மத்தைப் பயன்படுத்துகிறார்கள். கையில் எடுத்தால் மரக்கட்டைபோலத் தோன்றும் அதுதான் நீர்மூழ்கியின் உயிர்நாடி. புகைப்படங்களில் நாம் காணும் வண்ணம் பூசிய மேலுடலின் பெரும்பகுதி அந்தத் திண்மமே.

நீர்மூழ்கி எப்படி இறங்குகிறது, எப்படி ஏறி வருகிறது?

பெரும்பாலான ஆழ்கடல் நீர்மூழ்கிகள் இயந்திர வலுவால் இறங்குவதில்லை, எடையால் இறங்குகின்றன. இரும்புப் பாளங்களைச் சுமந்துகொண்டு நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் என்ற கணக்கில் விழுந்தால், 6000 மீட்டரை அடைய மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். தரையை நெருங்கும்போது பாளங்களில் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு, ஏறவும் இறங்கவும் விரும்பாத நடுநிலைக்கு வருவார்கள். வேலை முடிந்ததும் மீதியையும் உதிர்த்துவிட்டால் வாகனம் தானாக மேலே கிளம்பிவிடும்.

இந்த முறையின் அழகை 1960 ஜனவரி 23 அன்று மரியானா அகழியின் அடியைத் தொட்ட 'டிரியெஸ்ட்' காட்டியது. ஜாக் பிக்கார், டான் வால்ஷ் என்ற இருவர் அமர்ந்திருந்த எஃகுக் கோளம் ஒரு பெரிய தொட்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் இருந்தது பெட்ரோல். நீரைவிட இலேசானது, காற்றைப்போலச் சுருங்கிவிடாதது என்பதால் அன்றைக்கு மிதப்புக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. எடைக்காக வைத்திருந்த இரும்புக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தவை மின்காந்தங்கள். மின்சாரம் நின்றுபோனால் காந்தம் விட்டுவிடும், குண்டுகள் கொட்டிவிடும், வாகனம் மேலே வந்துவிடும். கோளாறு ஏற்பட்டால் அந்தக் கோளாறே ஆளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி அமைத்திருந்தார்கள். இறங்கும் வழியில் சுமார் 9000 மீட்டரில் வெளிச் சன்னல் ஒன்றில் பெருஞ்சத்தத்தோடு விரிசல் விட்டது. ஆனாலும் தொடர்ந்து இறங்கி, அடியில் சுமார் இருபது நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இன்றைய நீர்மூழ்கிகளிலும் எடையை உதிர்ப்பதற்கு ஒன்றையொன்று சாராத பல வழிகள் வைக்கப்படுகின்றன. இயந்திரக் கை எதிலாவது சிக்கிக்கொண்டால் அந்தக் கையையே கழற்றி விட்டுவிட்டு மேலே வரும் ஏற்பாடுகூடப் பல வாகனங்களில் உண்டு.

உண்மையில் ஆழத்தைவிட அதிகம் அஞ்ச வேண்டிய இடம் கடலின் மேற்பரப்பு. அமெரிக்காவின் 'ஆல்வின்' 1968 அக்டோபரில் இறக்கப்படும்போது தாங்கு கம்பிகள் அறுந்து, மூடி திறந்திருந்த நிலையிலேயே நீரில் விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியேறிவிட, வாகனம் சுமார் 1500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. ஏறக்குறைய பத்து மாதங்கள் கழித்து அதைத் தூக்கியபோது, அவர்கள் எடுத்துச் சென்ற மதிய உணவு நனைந்திருந்ததே தவிரக் கெட்டுப்போயிருக்கவில்லை. ஆழ்கடலின் குளிரில் அழுகல் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதை அறிவியலாளர்கள் தெரிந்துகொண்டது அந்தச் சாண்ட்விச்சிலிருந்துதான்.

உள்ளே இருப்பவர்களுக்கு அழுத்தம் தெரியுமா? மூச்சுவிட என்ன ஏற்பாடு?

தெரியாது. கோளத்துக்குள் நம் வீட்டில் உள்ள அதே அழுத்தமே நிலவும். ஆகவே முத்துக்குளிப்பவர்களுக்கும் சுவாசக் கருவியோடு மூழ்குபவர்களுக்கும் உண்டாகும் குருதிக் குமிழ் நோய் இவர்களுக்கு வராது. மேலே வந்ததும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடக்கலாம். உருளைகளிலிருந்து ஆக்சிஜன் அளவாகக் கசிய விடப்படும், வெளிவிடும் கரியமில வாயுவை வேதிப்பொருள்கள் உறிஞ்சிக்கொள்ளும். துன்பம் தருபவை குளிரும் நெருக்கமும்தான். வெளியே நீர் ஒன்றிரண்டு டிகிரி வெப்பத்தில் இருப்பதால், மூச்சின் ஈரம் உட்சுவரில் படிந்து சொட்டத் தொடங்கும். மத்ஸ்யாவில் வழக்கமான ஒரு பயணம் 12 மணி நேரம். அவசர நிலைக்கு 96 மணி நேரம் உயிர்காக்கும் ஏற்பாடு.

2023-இல் 'டைட்டன்' ஏன் நசுங்கியது?

டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணப் பயணிகளை அழைத்துச் சென்ற டைட்டன், 2023 ஜூன் 18 அன்று வட அட்லாண்டிக்கில் இறங்கும்போது உட்குழிந்து நொறுங்கி, உள்ளிருந்த ஐவரும் இறந்தனர். அதன் உடல் கோளமல்ல, உருளை. உருளையும் உலோகமல்ல, கார்பன் இழைகளைப் பிசினில் சுற்றிச் செய்தது. இரு முனைகளில் டைட்டானிய மூடிகள். கார்பன் இழை இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். ஆனால் நெரிக்கும் விசை மீண்டும் மீண்டும் வரும்போது அடுக்குகளுக்கிடையே நுண்ணிய பிளவுகள் உண்டாகிச் சேர்ந்துகொண்டே போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தவிர, அந்த வாகனம் எந்தத் தரச்சான்று அமைப்பின் சோதனைக்கும் உட்படுத்தப்படவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை 2025-இல் இதைத் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றே கூறியது.

இந்த விபத்தைக் காட்டி ஆழ்கடல் பயணமே மூடத்தனம் என்று சொல்வது நியாயமல்ல. ஆல்வின் 1964 முதல் ஆயிரக்கணக்கான முறை மூழ்கி எழுந்திருக்கிறது.

ஆளில்லாத வாகனங்கள் எத்தனை வகை?

முக்கியமாக இரண்டு. முதலாவது, கப்பலிலிருந்து நீளும் கம்பிவடத்தோடு இணைந்து, மேலே அமர்ந்திருப்பவர் இயக்க, கீழே வேலை செய்யும் ஆர்.ஓ.வி. வடத்துக்குள் ஓடும் கண்ணாடியிழை வழியாகக் காணொளி உடனுக்குடன் வந்துவிடும். இயந்திரக் கைகளால் பாறையை எடுக்கலாம், திருகைத் திருகலாம். நம் கழகத்தின் 'ரோசப் 6000' இவ்வகையைச் சேர்ந்தது. 2010-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5289 மீட்டர் வரை இறங்கியது.

இரண்டாவது, கம்பியே இல்லாமல் தன் போக்கில் ஓடும் ஏ.யு.வி. முன்கூட்டியே கொடுத்த பாதையில், தரைக்குச் சில பத்து மீட்டர் மேலே, வயலை உழுவதுபோல வரிசை வரிசையாகப் போய்வந்து சோனார் படமும் புகைப்படமும் எடுக்கும். ஜி.பி.எஸ். இல்லாததால் தன் அசைவுகளைத் தானே கூட்டிக் கழித்து இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். மேலே வந்தால்தான் அது என்ன பார்த்தது என்பது நமக்குத் தெரியும். வராவிட்டால் ஒன்றும் தெரியாது. 2014-இல் அமெரிக்காவின் 'நீரியஸ்' நியூசிலாந்துக்கு அருகே கெர்மடெக் அகழியில் சுமார் 9900 மீட்டரில் நொறுங்கிப் போனது. அது இருவகையிலும் இயங்கக்கூடிய வாகனம்.

இவற்றைத் தவிர, 1000 மீட்டரில் மிதந்துகொண்டிருந்து, பத்து நாளுக்கொருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி ஏறி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் 'ஆர்கோ' மிதவைகள் உலகெங்கும் சுமார் நாலாயிரம் உள்ளன. யாரும் பெயர் சொல்லாத இவைதான் கடல் சூடேறுவதை நமக்கு உறுதிப்படுத்தின.

தாம்பரத்திலிருந்து சென்று காணாமற்போன விமானத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்.-32 வங்கக்கடலுக்கு மேலே மறைந்தது. அப்போது கப்பல்களும் விமானங்களும் பெருந்தேடல் நடத்தியும் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு கழகத்தின் 'ஓ.எம்.இ. 6000' என்ற ஏ.யு.வி. அந்தப் பகுதியில் ஆய்வுக்காக இறக்கப்பட்டபோது, சென்னைக் கரைக்கு அப்பால் சுமார் 3400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படமெடுத்தது. அவை ஏ.என்.-32 வகையோடு பொருந்துகின்றன என்று 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் விழுந்ததாகப் பதிவில்லை.

இத்தனை காலம் ஏன் என்று பலர் கோபத்தோடு கேட்பது புரிந்துகொள்ளக்கூடியதே. கணக்கு இதுதான். கப்பலிலிருந்து புறப்படும் ஒலிக்கற்றை ஒரு டிகிரி அகலம் கொண்டதாயினும், 3400 மீட்டர் கீழே தரையைத் தொடும்போது அது ஏறக்குறைய அறுபது மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஒரு முழு விமானமே அந்த ஒரே புள்ளிக்குள் கரைந்துவிடும். சிதறிய துண்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சோனாரைத் தரைக்கு அருகில் கொண்டுபோனால்தான் உருவம் தெரியும். 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இன் சிதைவு இரண்டு ஆண்டுகள் கழித்து, சுமார் 3900 மீட்டரில், இவ்வகை வாகனங்களால்தான் கிடைத்தது. உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு இந்த விளக்கம் ஆறுதலாகாது. ஆனால் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரிவதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இயந்திரங்களே இவ்வளவு செய்யும்போது மனிதர் ஏன் போக வேண்டும்?

இந்தக் கேள்வி கடலறிவியலாளர்களிடையேயே தீராத வழக்கு. செலவையும் ஆபத்தையும் பார்த்தால் இயந்திரமே போதும் என்பவர்கள் பலர். அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. மறுபக்கத்தில், கேமராவின் சட்டகத்துக்கு வெளியே ஓரக்கண்ணில் பட்ட ஒன்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது மனிதருக்கே. என் கருத்தில், பரந்த பரப்பைத் தேடுவதற்கு மனிதரை அனுப்புவது வீண். தேடிக் கண்டுபிடித்த ஓரிடத்தில் நின்று நிதானமாக ஆராய்வதற்கு அனுப்பினால் பலன் உண்டு.

1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே நடந்ததும் அந்த வரிசையில்தான். கேமரா பொருத்திய சட்டம் ஒன்றைக் கப்பலிலிருந்து இழுத்துச் சென்றபோது ஓரிடத்தில் நீரின் வெப்பம் சட்டென்று உயர்ந்தது. மறுநாள் ஆல்வின் அங்கே இறங்கியது. சுமார் 2500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளும், அவற்றைச் சுற்றிச் சூரியனையே நம்பாத உயிர்க்கூட்டமும் இருந்தன. நீரில் கரைந்துவந்த வேதிப்பொருள்களிலிருந்து நுண்ணுயிரிகள் உணவு தயாரிக்க, அவற்றை நம்பிப் புழுக்களும் சிப்பிகளும் வாழ்ந்தன. வந்திருந்தவர்கள் பாறை ஆராய்ச்சியாளர்கள் என்பதால் உயிரினங்களைப் பதப்படுத்தப் போதிய மருந்தை எடுத்துவரவில்லை. கப்பலில் இருந்த வோட்கா உதவிற்று. நம் நாட்டு ஆய்வாளர்களும் 2024 டிசம்பரில், 'சாகர் நிதி' கப்பலிலிருந்து இறக்கிய ஓ.எம்.இ. 6000 மூலம், தெற்கு இந்தியப் பெருங்கடலில் சுமார் 4500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம்பிடித்தார்கள்.

இந்தியாவுக்கு அவ்வளவு ஆழத்தில் என்ன வேலை? கனிமம் எடுக்கத்தானே?

பெருமளவு ஆம், அதை மறைக்க வேண்டியதில்லை. மத்திய இந்தியப் பெருங்கடலின் தரையில் உருளைக்கிழங்கு அளவில் கரிய முடிச்சுகள் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை அவற்றில் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆய்வுக்காக இந்தியாவுக்கு ஒதுக்கியிருக்கிறது. 2002-இல் ஒப்பந்தம் ஆனது. அங்கே 38 கோடி டன் முடிச்சுகள் இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த, 4077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்தில் மத்ஸ்யாவும் கனிம ஆய்வும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. அதே ஆண்டு 'வராகா' என்ற சங்கிலிச்சக்கர இயந்திரம் 5270 மீட்டர் ஆழத்தில் சேற்றின் மேல் ஊர்ந்து காட்டியது. வெண்ணெய்போல இளகிய அந்தச் சேற்றில் புதையாமல் நகர்வதே ஒரு சாதனை.

தயங்க வேண்டிய காரணங்களும் இருக்கின்றன. அந்த முடிச்சுகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்பவை. சேறு நிறைந்த அந்தத் தரையில் பஞ்சுயிரிகளுக்கும் பவளங்களுக்கும் பற்றிக்கொள்ளக் கிடைத்த ஒரே கெட்டியான இடம் அவைதான். பசிபிக்கில் 1979-இல் நடந்த ஒரு சோதனைத் தோண்டலின் தடங்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே தெரிந்தன. வணிக அளவில் எடுப்பதற்கான உலக விதிகள் இன்னும் முடிவாகவில்லை. அளந்து பார்க்கும் கருவிகள் எடுக்கும் கருவிகளைவிட முந்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

கரையோர மக்களுக்கு இதனால் நேரடிப் பயன் உண்டா?

உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்தியப் பெருங்கடலில் அதை முன்னறிவிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. இன்று ஆழத்தில் தரையின்மேல் அமர்த்தப்பட்ட அழுத்தமானிகள், தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான மீட்டர் நீர் நின்றாலும், அதன் மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்ந்தாலே உணர்ந்துவிடுகின்றன. செய்தி ஒலியாக மேலேறி மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையத்துக்கும் செல்கிறது. மிதவையின் நிழலில் மீன்கள் கூடும் என்பதால் படகுகளை அதில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அதனால் கருவிகள் பழுதாகின்றன. மீனவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, அது எதற்காக நிற்கிறது என்பதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் இயங்கும் குடிநீர் ஆலையும் ஆழ்கடலை நம்பியதே. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரைக் கொண்டு, குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கிய மேற்பரப்பு நீரைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கிறார்கள்.

மத்ஸ்யா எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

2021 அக்டோபரில் எஃகுக் கோளம் ஒன்று வங்கக்கடலில் 600 மீட்டர் வரை இறக்கிச் சோதிக்கப்பட்டது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுக நீரில், எல்லா உறுப்புகளும் பொருத்தப்பட்ட வாகனம் ஆட்களுடனும் ஆளின்றியும் மூழ்கிப் பார்க்கப்பட்டது. அடுத்தது திறந்த கடலில் 500 மீட்டர். அதன் பிறகே டைட்டானியக் கோளத்துடன் படிப்படியாக 6000. இதுவரை ஆட்களை அந்த ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் வாகனங்களைச் செய்திருப்பவை அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரான்ஸ், சீனா ஆகிய நாடுகளே.

இதற்கான பயிற்சியாக 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பிரான்சின் 'நாட்டீல்' நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கின் ஆழத்துக்குச் சென்றுவந்தார்கள். ஒருவர் 4025 மீட்டர், மற்றவர் 5002 மீட்டர். இறக்குவது, மிதப்பைச் சரிசெய்வது, இடமறிவது, திரும்ப ஏற்றுவது ஆகியவற்றோடு, ஒலித் தொலைபேசியில் கப்பலுடன் பேசவும் அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஐயாயிரம் மீட்டர் கீழிருந்து ஒரு கேள்வி கேட்டால், பதில் காதில் விழ ஏறக்குறைய ஏழு விநாடி காத்திருக்க வேண்டும்.